கிருமி வீட்டின் சிக்கனம்



சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் பயோபோலிஸ் என்னும் ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வளாகத்தில்தான் சிங்கப்பூர் மரபணுக் கழகம் இயங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமியின் உள்ளே நடக்கும் வேலைகளை இத்தகைய ஆய்வுக்கூடங்களில் துருவிப் பார்க்கிறார்கள். அந்த வேலைகளில் ஒன்றை இன்று அறிந்துகொள்வோம்.

பாக்டீரியாக் கிருமிக்கு ஒரே ஓர் உயிரணுதான் உடம்பு. அது செய்யவேண்டிய வேலைகள் எல்லாம் டி.என்.ஏ. என்ற மூல ஏட்டில் அடங்கியிருக்கின்றன. தேவையான பகுதி ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் படித்துப் புரதம் செய்யும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். இதன் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 2009-இல் நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இனி, ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பெரட்டில் பால்மரம் வெட்டச் சொல்லி உத்தரவு ஆகிவிட்டது. திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. இனி உத்தரவு போடாமல் இருந்தால் மட்டும் போதுமா? போட்ட உத்தரவையும் உடனே நிறுத்தவேண்டும் அல்லவா?

கிருமிக்கும் இதே நெருக்கடி வருகிறது. அப்போது அது மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளை உண்டாக்குகிறது. இவற்றில் பல, புரதம் செய்வதற்கான நகல்கள் அல்ல. ஏற்கெனவே வெளிவந்த நகலின் முகப்பில் போய் ஒட்டிக்கொண்டு, பட்டறை அதைப் படிக்கவிடாமல் தடுக்கின்றன. சில வேளை அந்த நகலே சிதைந்து போகிறது. வேறு சில துண்டுகளோ, அடைபட்ட நகலைத் திறந்துவிட்டு வேலையைத் தூண்டுகின்றன.

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் இதற்கு நல்ல சான்று உண்டு. இரும்புச் சத்துக் குறைந்தால், ஏறக்குறைய 90 எழுத்து நீளமுள்ள ரைஹெச்பி என்ற துண்டு அதில் தோன்றுகிறது. இரும்பைச் செலவழிக்கும் பல புரதங்களின் உற்பத்தியை அது நிறுத்துகிறது. மிஞ்சிய இரும்பு அவசியமான வேலைகளுக்குப் போகிறது. கையிருப்புக் குறைந்தால் வீட்டுச் செலவை இறுக்கிப் பிடிக்கும் தாய்மாரின் சிக்கனம் போன்றதே இது. அமெரிக்காவில் எரிக் மாஸே, சூசன் காட்ஸ்மன் ஆகியோர் 2002-இல் இதை வெளியிட்டார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் உடம்பும் கிருமிக்கு இரும்பு எளிதில் கிடைக்காதபடி காத்து வைக்கிறது. இரத்தத்தில் இரும்பைப் பிடித்து வைக்கும் புரதம் உண்டு. தாய்ப்பாலிலும் அத்தகைய புரதம் உண்டு. ஆகவே உடம்புக்கும் கிருமிக்கும் நடக்கும் போரில் இரும்பும் ஒரு களம். இந்தச் சிக்கன ஏற்பாட்டைக் குலைக்க வழி கிடைத்தால், அது புதிய மருந்துகளுக்கு உதவலாம் என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

அதற்காகக் கிருமியைப் பட்டினி போடுவதாக எண்ணி யாரும் இரும்புச் சத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இரத்தசோகை தாய்க்கும் சேய்க்கும் கேடு. மருத்துவர் கொடுக்கும் இரும்பு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: கிருமியின் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஈ.கோலையின் புரதங்களே குலைந்துபோகின்றன. எந்தச் சிறு துண்டும் அதைக் காப்பாற்றாது. கொதித்து ஆறிய நீரை மூடி வைத்துப் பருகுங்கள். பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள்.