இரும்புத் துகளும் ஈ.கோலையும்



கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்துப் பிள்ளைகள் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இரும்புத் துகளும் ஈ.கோலையும் என்னும் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

மனித இன்சுலினை ஈ.கோலை பாக்டீரியாவிடம் 1978-இல் செய்து வாங்கினார்கள். 1982-இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அதுமுதல், இந்த உயிரிடம் இன்னும் கொஞ்சம் புரதம் கறக்க முடியுமா என்பதே கேள்வி. காந்த நானோ துகளைப் பாக்டீரியா வளரும் கல்ச்சரில் கலந்து பார்ப்பது அதில் ஒரு வழி.

துகளைச் செய்வது எளிது. இருவகை இரும்பு உப்புகளை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கரைத்து அம்மோனியா ஊற்றினால், கண்ணெதிரே கரைசல் கறுத்துப்போகும். பீக்கருக்கு அடியில் காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் அடியில் ஒதுங்கும். ஒரு துகள் சுமார் 10 நானோமீட்டர், ஈ.கோலையின் நீளம் அதைப்போல 200 மடங்கு.

இந்தத் துகள் புரதத்தைக் கூட்டியது என்பார் ஒருவர், குறைத்தது என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரும்பு இல்லாமல் ஈ.கோலை வாழாது. இரும்பு குறைந்த ஊடகத்தில் துகளிலிருந்து சிறிது கசிந்தால் வளர்ச்சி தேறும். அளவு மீறினால், செல்லுக்குள் ஊறும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு இரும்பு சேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்னும் கொடிய மூலக்கூறை உண்டாக்கும். சவ்வும் டி.என்.ஏ.வும் சேதப்படும். செல் தன்னைப் பழுதுபார்க்கும் புரதங்களைச் செய்ய ஓடும். நாம் கேட்ட புரதம் பின்னுக்குப் போகும். வெளியே காந்தம் வைக்காத குடுவையில் வேலை செய்வது பெரும்பாலும் துகளின் வேதியியலும் மேற்பரப்பும்தான், காந்தத்தன்மை அல்ல என்பது என் கருத்து.

மாணவர்களே, அளப்பதில்தான் ஆபத்து அதிகம். கல்ச்சர் எவ்வளவு வளர்ந்தது என்று அறிய 600 நானோமீட்டர் ஒளியில் ஓ.டி., அதாவது ஒளி அடர்த்தி, பார்க்கிறோம். கறுப்புத் துகளும் அதே ஒளியை மறைக்கும். பாக்டீரியா வளராமலே எண் ஏறியிருக்கும்! புரதத்தை அளக்கும்போது இதற்கு நேர்மாறு. புரதம் துகளில் ஒட்டிக்கொண்டு, சென்ட்ரிஃப்யூஜில் அதோடு அடியில் போய்விடும். மேல்நீரில் குறைவாகத் தெரியும். இந்த ஒட்டும் குணம் நமக்குப் பயன்படவும் செய்கிறது: கொரோனாக் காலத்தில் பல ஆய்வகங்கள் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது காந்த மணிகளைக் கொண்டுதான்.

ஆகவே ஓ.டி.யை மட்டும் நம்பாமல் தட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணுங்கள். ஒரு செல்லுக்கு எவ்வளவு புரதம் என்று கணக்கிடுங்கள். துகள் போட்ட குடுவை, போடாத குடுவை இரண்டோடு நிறுத்தவேண்டாம். அதே அளவு இரும்பை உப்பாகக் கரைத்த குடுவை ஒன்று, துகளுக்கு மேற்பூச்சு இருந்தால் அந்தப் பொருளை மட்டும் சேர்த்த குடுவை ஒன்று, பாக்டீரியாவே இல்லாமல் துகள் மட்டும் போட்ட குடுவை ஒன்று வையுங்கள். ஷேக்கரில் இடம் போதவில்லை என்றால் முதலில் எடுத்துவிடுவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் குடுவையைத்தான். அதை எடுக்காதீர்கள், ஓ.டி.யில் எவ்வளவு பொய் கலந்திருக்கிறது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.