பிள்ளைகளின் உடல் நம் கையில் உள்ள அமானிதம்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம், "இரும்புச்சத்து எதில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "கீரை, ஈரல், பேரீச்சம்பழம்" என்று பட்டென்று சொல்லும். "இன்று காலை என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "ஒரு டீ, இரண்டு பிஸ்கட்" என்று பதில் வரும். படித்தது பரீட்சைத்தாளில் இருக்கிறது, தட்டில் இல்லை! பிள்ளைகளைக் குறை சொல்லி நாம் தப்பித்துவிட முடியுமா? சமைப்பது நம் வீடு. காசு கொடுப்பது நம் கை. அந்தக் காசுக்குப் பள்ளிக்கூட வாசலில் பண்டம் விற்பவர்களிலும் நம்மவர்கள் உண்டு.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2020ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. எத்தனை கடைகளில் அது நடைமுறையில் இருக்கிறது? 250 மில்லி குளிர்பானம் பலவற்றில் ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி! பண்டம் ஹலாலா என்று பார்க்கும் நாம், அது பிள்ளைக்கு நல்லதா என்றும் பார்க்க வேண்டாமா? சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம், மோர் ஆகியவற்றையும் விற்கலாமே! வியாபாரமும் நடக்கும், மனமும் உறுத்தாது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "சோம்பேறி" என்று திட்டுகிறோம். அது சோம்பல் அல்ல, சத்துக்குறைவாக இருக்கலாம். அரசு பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன் கொடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது.

அடுத்தது விளையாட்டு. 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்கோ பள்ளி முடிந்தால் டியூஷன், டியூஷன் முடிந்தால் செல்போன்! பரீட்சை நெருங்கினால் விளையாட்டு வகுப்பையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டதுண்டா? மகனையாவது மைதானத்துக்கு அனுப்புகிறோம். மகளுக்கு ஏது இடம்? வேக நடையும், கயிறு தாண்டுவதும், பந்து விளையாட்டும் அவளுக்கும் வேண்டும். அதற்குரிய இடத்தையும் நேரத்தையும் ஏற்படுத்திக் கொடுப்பது நம் கடமை.

இளைஞர்களே! உங்கள் தெருப் பிள்ளைகளைத் தினம் மாலை ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வணிகர்களே! கடையின் முன்வரிசையை மாற்றுங்கள். பெற்றோர்களே! பிள்ளையைக் காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

மதிப்பெண் குறைந்தால் அடுத்த பரீட்சையில் வாங்கிக்கொள்ளலாம். வளரும் வயது திரும்பி வருமா? சிந்தியுங்கள்! நாளையே தொடங்குங்கள்!