மலை யாருக்குச் சொந்தம்?

பெரியார் அருவியைப் பார்க்கக் கல்வராயன் மலை ஏறுகிறோம். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் என்ற நிலக்கிழார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் தாங்கள் பிறந்த மண்ணிலேயே அவர்களுக்கு வரி கட்டி, கூலியில்லாமல் உழைத்தார்கள். நினைத்தால் மனம் கொதிக்கிறது. 1976-இல்தான் அரசு அந்த மலையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

மலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கிலாந்திலும் எழுந்தது. அங்கே 1932-இல் கிண்டர் ஸ்கவுட் என்ற தனியார் வேட்டை மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றார்கள். திறந்தவெளியில் நடக்கும் உரிமைக்கான சட்டம் 2000-இல்தான் வந்தது.

உங்கள் ஊர்க் குன்றுக்கோ அருவிக்கோ போகும் பாதையை யாராவது வேலியிட்டு மறித்தால், முதலில் புல வரைபடத்தைப் பாருங்கள். பாதைப் புறம்போக்கு என்றிருந்தால் அதை அடைக்க எவருக்கும் உரிமையில்லை. ஊரே சேர்ந்து வருவாய்த் துறை நடத்தும் ஜமாபந்தியில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.