காயக் கணக்கு



தேசியப் பாதுகாப்பு தினமாகிய மார்ச் 4ஆம் தேதியை ஒட்டி இந்த வாசகசாலையில் நடைபெறும் கூட்டத்தில், எந்தத் தொழிலில் விபத்து அதிகம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சுரங்கம் என்பார் ஒருவர். கட்டிட வேலை என்பார் மற்றொருவர். சிவகாசியை நினைத்துக்கொண்டு பட்டாசு என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆயினும், இந்தத் தொழில் அபாயகரமானது, அந்தத் தொழில் பத்திரமானது என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன், அத்தீர்ப்புக்கு ஆதாரமான கணக்கை யார், எந்த நோக்கத்தோடு, எதைச் சேர்த்து எதை விட்டு எழுதினார்கள் என்று பார்க்க வேண்டாமா? நான் பேச விரும்புவது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

பத்தாயிரம் பேர் உழைக்கும் ஆலையில் பத்துப் பேர் காயப்படுவதும், ஐம்பது பேர் உழைக்கும் பட்டறையில் பத்துப் பேர் காயப்படுவதும் ஒன்றாகா. ஆகையால்தான் நம் நாட்டில் உழைத்த மணி நேரம் பத்து லட்சத்துக்கு எத்தனை காயம் என்று விகிதம் காண்கிறார்கள். அமெரிக்கர் நூறு பேருடைய ஓராண்டு உழைப்பாகிய இரண்டு லட்சம் மணியை அளவாகக் கொள்கிறார்கள். காயத்தின் கொடுமையை அளக்கவும் ஒரு முறை உண்டு. நமது இந்தியத் தர நிர்ணயத்தின்படி, ஒரு தொழிலாளியின் மரணம் 6,000 வேலை நாட்களின் நஷ்டம் என்று ஏட்டில் ஏறுகிறது. கணக்கருக்கு அது சௌகரியம். அவன் வீட்டில் எழுதும் கணக்கு வேறு.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத்தைச் சற்றே புரட்டுவோம். அங்கே முழுநேரத் தொழிலாளர் லட்சம் பேருக்கு 2023ஆம் ஆண்டில் 3.5 பேர் வேலையில் மாண்டனர். காட்டில் மரம் வெட்டுவோரிடையே மட்டும் அந்த விகிதம் ஏறத்தாழ 100. இதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் மற்றொரு பக்கத்தில் இருக்கிறது. உயிர் போகாத காயங்களை எடுத்துக்கொண்டால், முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் இல்லங்களின் விகிதம், சாரத்தின் மேல் நின்று உழைக்கும் கட்டிடத் தொழிலாளரின் விகிதத்தை விஞ்சி நிற்கிறது. மரண விகிதத்தில் முன்வரிசையில் நிற்கும் சுரங்கமோ, காய விகிதத்தில் சாதுவாகக் காட்சி தருகிறது. படுத்த படுக்கையானவரைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த தாதியரின் துன்பம் அங்கே பதிவேட்டில் ஏறுகிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அதே முதுகுவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் காலை வேலைக்கு வரும் சகோதரிகளை யார் எழுதுகிறார்கள்?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2017 முதல் 2020 வரையிலான ஆண்டுகளில், நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் சராசரியாக ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சற்று அதிகமானோர் மாண்டதாகவும், நாலாயிரத்துச் சொச்சம் பேர் காயமுற்றதாகவும் சர்க்கார் கணக்குச் சொல்கிறது. அதாவது ஒரு மரணத்துக்கு நான்கு காயம். அமெரிக்காவில் 2023இல் மாண்டவர் 5,283. தனியார் தொழில்களில் மட்டும் பதிவான காயமும் நோயும் சுமார் 26 லட்சம். எல்லாத் தொழில்களையும் அளாவிய அந்தக் கணக்கையும், ஆலைகளை மட்டும் அளந்த நம் கணக்கையும் அப்படியே ஒப்பிடுவது முறையன்று. ஆனால் ஒரு மரணத்துக்கு ஐந்நூறு என்பதற்கும் நான்கு என்பதற்கும் இடையே உள்ள தூரம், அந்த வேறுபாட்டினால் மட்டும் விளைந்ததென்று நம்ப என் மனம் ஒப்பவில்லை. பிணத்தை மறைப்பது கடினம். காயத்தை மறைப்பது சுலபம்.

எப்படி மறைகிறது என்று கேட்பீர்கள். 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாது போனால் விபத்தை அறிவிக்க வேண்டும் என்றது. கட்டுப்போட்ட கையோடு மறுநாள் அவரை வரவழைத்து, வாசற்காவலர் அருகே ஒரு நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, வருகைப் பதிவில் குறியும் போட்டுவிட்டால், அந்த விபத்து நடக்கவேயில்லை!

உலோகத் தகடு வெட்டும் பிரஸ் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். மிதியை அழுத்தியதும் மேலிருந்து டை எனும் வெட்டச்சு இறங்குகிறது. அது ஏறும் கணத்தில் தகட்டை எடுத்து அடுத்த தகட்டை வைக்க வேண்டும். கைக்கும் டைக்கும் இடையே தடுப்பு இருக்க வேண்டுமென்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு விதித்தது. ஆனால் தடுப்பு இருந்தால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் உருப்படி குறைகிறது, உருப்படி குறைந்தால் கூலி குறைகிறது என்பதனால், மேஸ்திரி கழற்றச் சொல்வதும் உண்டு, தொழிலாளியே கழற்றுவதும் உண்டு. அப்புறம் 'கவனக் குறைவு' என்று ஒரு வார்த்தை எழுதப்படுகிறது. 2025 வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் படித்திருக்கிறீர்களா? கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகித இழப்பு; ஆள்காட்டி விரல் 14; நடுவிரல் 12; மோதிர விரலோ சுண்டுவிரலோ ஆனால் 7. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததென்றாலும், சட்டம் இந்த அளவுக்காவது விரல்களை எண்ணியிருக்கிறதே என்ற மரியாதையும் கூடவே வந்தது. எண்ணாமல் விடப்படும் விரல்களே அதிகம்.

பட்டாசுத் தொழிலைப் பற்றி இரண்டொரு வார்த்தை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த கோர விபத்தை இந்தச் சபையில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மருந்து உராய்ந்தது என்று காரணம் சொல்வது வழக்கம். உராய்வு ரசாயனத்தின் இயல்பு. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற விதியை மீறிக் கூட்டத்தை அடைப்பதும், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க உள்குத்தகைக்கு வேறொருவர் நடத்துவதும் மனிதரின் ஏற்பாடு. உள்குத்தகைக்காரரின் பட்டியலில் இல்லாத தொழிலாளி, காய விகிதத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சாக்கடைக் குழியில் இறங்கி விஷவாயுவால் மாண்டவர்களை எந்தத் தொழிலின் கீழ் எழுதுவது? சட்டம் தடைசெய்த வேலையாயிற்றே! 1993க்குப் பின் அவ்வாறு மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014இல் கட்டளையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுக்காகத் தேடப்போனபோதுதான் பல ஊர்களில் அவர்களுடைய பெயர்களே எழுதப்பட்டன.

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்தின் முடிவில் தாங்கள் நிறைவேற்றவிருக்கும் தீர்மானங்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பம் செய்கிறேன். நம் வட்டாரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வேலைக் காயத்தோடு ஒரு வருஷத்தில் வந்தவர் எத்தனை பேர், அதே வருஷத்தில் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு ஆலைகள் அறிவித்த விபத்துகள் எத்தனை என்ற இரண்டு எண்களையும், தொழிற்சங்கங்கள் முறைப்படி கேட்டுப் பெற்று, இந்த வாசகசாலையின் அறிவிப்புப் பலகையில் அருகருகே ஒட்ட வேண்டும். இரண்டு எண்களும் ஒத்திருந்தால் ஆலை நிர்வாகிகளுக்கு அடுத்த ஆண்டு இதே மேடையில் மாலை போடுவோம். ஒத்திராவிட்டால், அவர்களை இதே மேடைக்கு அழைத்து விளக்கம் கேட்போம்.