கணினி வாங்கும் முன்: மின்காந்த அலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனத்துக்கு

(கல்வி உதவி பெறும் மாணவர்களின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் லேப்டாப் கேட்டு நம் அலுவலகத்துக்கு மனுக்கள் வருவது வழக்கம். இவ்வாண்டு வந்தவற்றில் சிலர் ஒரு புதுக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் தலை வலிக்கிறது, முகம் எரிகிறது, வைஃபை ஓடினால் தூக்கம் வருவதில்லை, எங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும்?" என்பது அந்தக் கேள்வி. ஒரு மனுவோடு, கதிர்வீச்சைத் தடுக்குமாம் என்று ஸ்டிக்கர், மேசை விரிப்பு, கழுத்தில் போடும் பதக்கம் ஆகியவற்றின் விலைப்பட்டியலும் இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு லேப்டாப்பின் விலையில் பாதி வந்தது. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிச் சொல்கிறவர் நடிக்கிறார், படிக்கச் சோம்பல், வேலைக்குச் சாக்கு என்று பேசாதீர்கள். நம் மஹல்லாவில் ஒரு சகோதரி வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். இரண்டு மணி நேரம் லேப்டாப்பில் உட்கார்ந்தால் கை மரத்து, நெற்றி எரிகிறது என்கிறார். வேலையை விட்டால் வீட்டுக்கு வருமானம் இல்லை. வேலையைச் செய்தால் இரவு முழுக்க அவதி. மாமியார் ஒன்று சொல்கிறார், கணவர் ஒன்று சொல்கிறார். அவர் படும் வேதனையை யாரும் நம்புவதில்லை என்பதே அவருக்குப் பெரிய வேதனை.

உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் இதுபற்றி ஒரு தகவல் குறிப்பு வெளியிட்டது. இந்த அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கிவிடும் அளவுக்குக் கடுமையானவை என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதே குறிப்பு, இந்த அறிகுறிகளை மின்காந்தப் புலங்களோடு சேர்த்துச் சொல்ல அறிவியல் ஆதாரம் இல்லை என்றும் கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆதாரம் இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? தங்களுக்கு அலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களையே அழைத்து, கருவி ஓடுகிறதா, நின்றிருக்கிறதா என்று அவர்களுக்கும் தெரியாமல், சோதிப்பவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்தார்கள். 2010இல் இத்தகைய 46 சோதனைகளை, மொத்தம் 1175 பேர் கலந்துகொண்டவற்றை, லண்டன் ஆய்வாளர்கள் ஒன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். ஓடும்போதும் நின்றிருக்கும்போதும் உபாதை ஒன்றுபோலவே வந்தது. 2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 147 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வைஃபை ஆபத்து என்று கூறும் தொலைக்காட்சிப் படத்தைக் காட்டினார்கள். பிறகு எல்லோரையும் ஒரு வைஃபை கருவி முன் உட்கார வைத்தார்கள். கருவி உண்மையில் ஓடவே இல்லை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு உபாதையைச் சொன்னார்கள். படம் பார்த்து, முன்பே பதற்ற சுபாவமும் உள்ளவர்களுக்கு அது அதிகமாக இருந்தது. பயமும் உடம்பை வலிக்க வைக்கும். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் குடும்பக் குழுவில் அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"2011இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் செல்போன் அலையைச் சந்தேகப் பட்டியலில் வைத்ததே?" என்று கேட்பவர்கள் உண்டு. வைத்தது உண்மை. அது 2பி என்ற பிரிவு: இருக்கலாம், ஆனால் போதிய சான்று இல்லை என்று பொருள். அந்தப் பேச்சு புற்றுநோயைப் பற்றியது. தலைவலி, எரிச்சலைப் பற்றியது அல்ல.

அப்படியானால் அலையைக் குறைக்க எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். காசு அதிகம் பிடிக்காததாகவும் வேறொரு வகையிலாவது பயன் தருவதாகவும் இருக்கட்டும் என்பதே எங்கள் கணக்கு. இதை வைத்துத்தான் எந்தக் கணினி என்று நாங்கள் தீர்மானிக்கிறோம்.

ஆனால் அலையைப் பற்றிப் பேசும் முன் எர்த்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். "லேப்டாப்பைத் தொட்டால் சுரீர் என்கிறது, விரல் நடுங்குகிறது" என்று சொன்ன வீடுகளுக்கு எங்கள் இளைஞர்கள் எலக்ட்ரீஷியனோடு போய்ப் பார்த்தார்கள். அந்தச் சுரீர் கற்பனை இல்லை, அலையும் இல்லை. கரண்ட்தான். சார்ஜரின் உள்ளே இரைச்சலை வடிகட்ட ஒரு கெபாசிட்டர் இருக்கும். எர்த் இல்லாத இடத்தில் அதன் வழியாக மிகச் சிறிய கசிவு லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வரும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். செருப்பில்லாமல் ஈரத் தரையில் உட்கார்ந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். நல்ல சார்ஜரில் இந்தக் கசிவு ஆபத்தான அளவில் இருக்காது. மலிவான போலி சார்ஜரில் அந்த நம்பிக்கை கிடையாது.

நம் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. சிலர் சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டையில் செருகுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று பின் சார்ஜரையே பயன்படுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே நின்றுவிடும் ஆர்சிசிபி ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். அது லேப்டாப்புக்கு மட்டுமல்ல, கிரைண்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் உயிர்க்காவல்.

இனி எந்தக் கருவி என்பதற்கு வருவோம்.

இந்த உபாதை உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது டெஸ்க்டாப். பெட்டி மேசைக்குக் கீழே இருக்கும், திரை ஒரு கை நீளம் தள்ளி இருக்கும், கீபோர்டும் மவுஸும் வயரில் இருக்கும். வைஃபை இல்லாத டெஸ்க்டாப்பே கிடைக்கிறது. கேபிளைச் செருகினால் போதும். திரை கண்ணுக்கு நேராக இருப்பதால் கழுத்து குனியாது. நெற்றி வலி என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது கழுத்திலிருந்து ஏறும் வலி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பழைய குழாய்த் திரை மானிட்டர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அவற்றின் புலம் இன்றைய தட்டைத் திரைகளைவிட அதிகம். இந்தப் புகார்கள் முதலில் பெரிதாக எழுந்ததே 1980களில் ஸ்வீடன், நார்வே அலுவலகங்களில், அந்தத் திரைகளின் முன்னால்தான். ஸ்வீடனின் டிசிஓ என்ற ஊழியர் சங்கக் கூட்டமைப்பு 1992இல் திரைகளுக்குத் தரமுத்திரை கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விடுதியில் தங்கும் பிள்ளைக்கு லேப்டாப்தான் வேண்டும் என்றால், கேபிள் செருகும் ஈதர்நெட் ஓட்டை உள்ளதா என்று கடையில் பாருங்கள். மெலிதானவற்றில் பெரும்பாலும் இருக்காது. யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கேபிளைச் செருகியதாலேயே வைஃபை நின்றுவிடாது. லேப்டாப்பில் வைஃபையையும் புளூடூத்தையும் தனியாக அணைக்க வேண்டும். ரவுட்டரிலும் தனியாக அணைக்க வேண்டும். சிலவற்றில் அதற்கென்றே பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கும். பள்ளிவாசலில் போனை சைலன்ட்டில் போடுகிறோமே, அதுவும் இப்படித்தான். சத்தம்தான் நிற்கும், அலை நிற்காது. அதற்கு ஏரோபிளேன் மோடு.

மடிக்கணினி என்று தமிழில் பெயர் வைத்தாலும் மடியில் வைக்காதீர்கள். சூட்டினால் தொடைத்தோலில் வலைபோல் கறை படிந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி 2010இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மேசையில் வைத்து, வயர் கீபோர்டு போட்டுத் திரையைத் தள்ளி வைத்தால் சூடும் குறையும், அலையும் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். இதற்கு எந்த ஸ்டிக்கரும் தேவையில்லை.

டேப்லெட் கையிலேயே இருப்பது, பெரும்பாலும் வைஃபையை நம்பியே ஓடுவது. எனவே இவர்களுக்கு அது கடைசித் தேர்வு. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப் பக்கத்திலேயே வைத்து வேலை செய்வதும் நல்லதல்ல. சிக்னல் குறைவாக உள்ள அறையில் போன் அதிக வலுவோடு அனுப்பும். ஜன்னலோரம் தள்ளி வையுங்கள். உங்கள் போனின் எஸ்ஏஆர் அளவை அறிய *#07# என்று அழுத்திப் பாருங்கள். நம் நாட்டில் உச்சவரம்பு ஒரு கிலோவுக்கு 1.6 வாட், 2012 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

திரையையும் விட்டுவிடக் கூடாது. சில திரைகள் வெளிச்சத்தைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். அது சிலருக்குத் தலைவலி தரும். கடையில் வெளிச்சத்தைக் குறைத்து, போன் கேமராவை நேராகப் பிடித்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் வேறு மாடல் கேளுங்கள். பளபளப்பான திரையைவிட மங்கல் பூச்சுள்ளது நம் வெயிலுக்கு நல்லது.

இனி அந்த விலைப்பட்டியல். பதக்கத்துக்கும் ஸ்டிக்கருக்கும் இந்த அறக்கட்டளை பணம் தராது. மக்கள் தரும் ஸதகா அது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் இப்படி 5ஜி தடுப்புக்கு என்று விற்ற 10 பொருட்களைச் சோதித்தது. அவையே கதிரியக்கம் உள்ளவையாக இருந்தன. அதில் சிறுவர்கள் அணியும் கைவளையமும் ஒன்று. பயந்து வாங்கியவர்கள், இல்லாத ஆபத்துக்குப் பதில் இருக்கும் ஆபத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். போனின் ஒரு பக்கத்தை மறைக்கும் உறைகளும் சிக்னலைக் கெடுத்து, அதை இன்னும் வலுவாக அனுப்ப வைக்கக்கூடும்.

பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் உண்மையான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், காந்தம் உள்ள போனையும் கைக்கடிகாரத்தையும் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் சொல்லியிருக்கிறது. சட்டைப் பையில் போன் வைக்கும் வாப்பாமார்கள் கவனிக்கவும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பாதிக்கப்பட்டவர் மனமுவந்து சம்மதித்தால் மட்டும். வீட்டில் ஒருவர் பத்து நாள் ரவுட்டரின் வைஃபையைச் சில நாள் ஓடவிட்டு, சில நாள் அணைத்து, தன் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ரவுட்டரின் விளக்குகளைத் துணியால் மறைத்துவிடுங்கள். அந்தப் பத்து நாளும் எல்லோரும் கேபிளிலேயே வேலை செய்யட்டும். போன்களில் வைஃபை அணைந்தே இருக்கட்டும். பாதிக்கப்பட்டவர் தன் நோட்டில் வலி, தூக்கம், சாப்பிட்ட நேரம், வேலை செய்த நேரம் எழுதட்டும். பதினோராம் நாள் இரண்டு நோட்டையும் சேர்த்து வையுங்கள். யாரையும் மடக்குவதற்கு அல்ல. அந்தச் சகோதரியின் நோட்டில் வலி வந்த நாளெல்லாம் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போன நாளாக இருந்தது. கை மரத்ததற்கு மருத்துவர் மணிக்கட்டு நரம்பைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். எரிச்சல் இன்னும் முழுதும் போகவில்லை. ஆனால் வேலையை விடவில்லை.

நோட்டு என்ன சொன்னாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு, ஒற்றைத் தலைவலி, கண் பவர், தூக்கமின்மை, மனக்கவலை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. "எல்லாம் அலையால்" என்று முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வழி அடைபடும்.

அறக்கட்டளை அலுவலகத்தில் கேபிளில் மட்டும் ஓடும் டெஸ்க்டாப் ஒன்று வைத்திருக்கிறோம். அஸருக்குப் பின் மஃக்ரிப் வரை யார் வேண்டுமானாலும் வந்து ஒரு வாரம் வேலை செய்து பார்க்கலாம். பெண்களுக்குத் தனி அறை உண்டு. ஈதர்நெட் அடாப்டரும் பத்து மீட்டர் கேபிளும் இரவலாகக் கிடைக்கும். எர்த் சரிபார்க்க விரும்பும் வீட்டார் பெயரையும் தெருவையும் வெளியே மேசையில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். எலக்ட்ரீஷியன் கூலியில் பாதியை நாங்கள் தருகிறோம். விதவைகள் வீடு என்றால் முழுவதும்.

வஸ்ஸலாம்.