தராசுக்கும் ஒரு சாட்சி வேண்டும்

(தீவகப் பயணத்தின்போது நயினாதீவில், தோட்டக் கிளை உறுப்பினர்களும் குடும்பத்தினரும் தீவகக் கடற்றொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கிக் கடல் தாண்டி வந்திருக்கிறோம். அம்மனைக் கும்பிட்டாயிற்று. நாகவிகாரையையும் பார்த்தாயிற்று. படம் பிடிப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, அந்தப் போனைப் பற்றியும் அதன் சொந்தக்காரர்களான மற்ற மெசின்களைப் பற்றியும் பேசுவோம்.

நாளைக்கு நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு புறாக்கூட்டைப் பார்ப்பீர்கள். கல்லால் கட்டி, பொந்து பொந்தாக விட்டிருப்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் செய்தி அனுப்புவதற்குப் புறா வளர்த்த இடம் என்று ஊரார் சொல்வார்கள். அந்தக் காலத்து வட்ஸ்அப் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. புறா கடிதத்தைக் கொண்டுபோனது, அவ்வளவுதான். புறா போய்ச் சேரவில்லை என்றால் பருந்து அடித்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். "புறா ஒருநாளும் பிழை விடாது, கடிதம் எழுதியவன்தான் கள்ளன்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நாம் மெசினுக்கு எதிரிகள் இல்லை. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்காகக் கிடந்தோம். கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று பங்கு பிரித்தார்கள். வரிசை குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் கட்டம் போட்ட படம் ஒரு சொட்டுப் பெற்றோலையும் ஊற வைக்கவில்லை. கப்பலில் வந்ததைப் பங்கு போட்டது, அவ்வளவுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு எந்த ஆப்பிலும் மருந்து இருக்கவில்லை. இங்கே வள்ளத்துக்காரரைக் கேட்டாலும் சொல்வார், லயத்தில் அடுப்பு மூட்டுகிற அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்.

பங்கு போடுகிற மெசின் ஒரு வகை. தீர்ப்புச் சொல்கிற மெசின் இன்னொரு வகை. 2023இல் அஸ்வெசும வந்தது. 22 அளவுகோல்களை வைத்து யார் ஏழை, யார் ஏழையில்லை என்று கணக்குப் போட்டார்கள். பட்டியல் வெளிவந்ததும் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் போயின. நாங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள், எங்களுக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறோம். ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகள் மறுதிருத்தம் கேட்டால், பிள்ளைகளை அதட்டுவதற்கு முதல் வினாத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். பழைய தராசில் ஒரு முள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அந்த முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவார். சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிவு பிடித்தால் அந்த இடத்திலேயே வாய்ச்சண்டை நடக்கும். சண்டையில் எப்போதும் வென்றோம் என்று சொல்லவில்லை. ஆனால் சண்டை பிடிக்க ஒரு முகம் இருந்தது.

இப்போது சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. இலக்கம் நிறுக்கிறவரின் பக்கம் தெரிகிறது. நம் பக்கம் "பீப்" என்ற சத்தம் மட்டும் வருகிறது. கழிவு உள்ளேயே கழிந்துவிடுகிறது. ஏன் குறைகிறது என்று கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான்" என்கிறார்கள். கங்காணியைத் தெரியும், கணக்கப்பிள்ளையைத் தெரியும், துரையையும் தெரியும். இந்தச் சிஸ்டம் எந்த பங்களாவில் இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கைரேகை மெசின் கதை அதற்கு மேல். விரலை வைத்தால் ஆளைத் தெரியவில்லை என்கிறது. கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இருபது வருஷம் அந்த மலையில் உழைத்ததற்கு அந்த விரலைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

சிரிப்போம். ஆனால் கணக்கையும் போடுவோம். 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபாயாக வந்தது. 18 கிலோ கேட்கிற மலையில் 17 என்று விழுந்து அரைப்பேர் போட்டால், அந்தக் கூலியில் போவது 675 ரூபாய். ஒரு கிலோ தகராறில் ஒரு வீட்டின் அரிசியும் பருப்பும் போகிறது.

இது படிக்காத சனங்களின் பயம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இங்கிலாந்தின் கதையைச் சொல்லுங்கள். அங்கே 1999இல் தபால் கந்தோர்களுக்கு ஹொரைசன் என்ற கொம்பியூட்டர் முறை வந்தது. செய்தது புஜிட்சு என்ற பெரிய கம்பனி. அந்த முறை பல உப தபாலதிபர்களின் கணக்கில் காசு குறைகிறது என்று காட்டியது. காசு உண்மையில் குறையவில்லை, மெசினின் கணக்குத்தான் பிழை. ஆனால் மெசினைத்தான் நம்பினார்கள். 2015 வரை 900க்கும் அதிகமானவர்கள் களவு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் வீடு வாசலை இழந்தார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு.

உதவி கேட்டுத் தொலைபேசி எடுத்த பலருக்கும் கிடைத்த பதிலைக் கவனியுங்கள்: இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான், வேறு ஒருவருக்கும் இல்லை. ஒவ்வொருவரும் அதை நம்பி, வெட்கத்தோடு, கையிலிருந்த காசைப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டினார்கள்.

அதை உடைத்தது யார்? கொம்பியூட்டர் படித்தவர்கள் பிறகுதான் வந்தார்கள். வேல்ஸ் நாட்டில் தபால் கந்தோர் நடத்திய அலன் பேட்ஸ் என்பவரும் அவரைப் போன்றவர்களும் 2009இல் ஒரு கிராமத்து மண்டபத்தில் கூடினார்கள். "உனக்குமா? எனக்கும்தான்" என்று பேசிக்கொண்டார்கள். பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அந்த முறையில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. 2024இல் தனிச் சட்டம் கொண்டுவந்து தண்டனைகளை நீக்கினார்கள். ஒருவர் சொன்னால் புலம்பல் என்பார்கள். ஐந்நூறு பேர் கணக்கோடு சொன்னால் அது சாட்சி. சங்கம் என்பது வேறு ஒன்றுமில்லை, இதுதான்.

ஆகவே டிஜிட்டல் தராசு வேண்டாம் என்று நாம் கேட்கப் போவதில்லை. ஒழுங்கான மெசின் ஒழுங்கற்ற கையைவிட நல்லது. நாம் கேட்பது நான்கு விஷயங்கள். இலக்கம் கொழுந்து பறித்தவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மொத்த நிறை, கழிவு, மிச்சம் மூன்றும் அச்சிட்ட துண்டு அன்றைக்கே கையில் வர வேண்டும். பிழை என்றால் திருத்துவதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதர் இருக்க வேண்டும். கடைத் தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி முத்திரை வேண்டும். சீனி நிறுக்கிற தராசுக்கு முத்திரை கேட்கிற நாடு, கூலி நிறுக்கிற தராசுக்கும் கேட்கட்டும். இது தீவகத்துச் சொந்தங்களுக்கும் பொருந்தும். நண்டும் மீனும் தராசில்தானே ஏறுகின்றன.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். மூன்று நேரத்து நிறையையும் பின்னேரம் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் வரும், வீட்டுக்குக் காவலும் வரும். சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமது வட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ரோசாப்பூவும் "இனிய காலை வணக்கமும்" வந்து குவிகின்றன. அந்தப் பூவை எல்லாம் சந்தையில் விற்றிருந்தால் சங்கத்துக்கு ஒரு கட்டடமே கட்டியிருக்கலாம். இனிமேல் மாதத்தில் ஒருநாள் பூவுக்கு லீவு கொடுத்துவிட்டு, கொப்பிப் பக்கத்தையும் சம்பளத் துண்டையும் படம் பிடித்து மாதர் தலைவிக்கு அனுப்புங்கள். குறைந்திருப்பது ஒரு பேருக்கா, ஐம்பது பேருக்கா என்று அப்போது தெரியும்.

"உனக்கு மட்டும்தான்" என்று யாராவது சொன்னால் பக்கத்து லயத்துக்குப் போய்க் கேளுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு எல்லோரும் கொப்பியோடு வாருங்கள்.