கேட்ட வழியில் நடப்போம்
(பொன்விழா ஆண்டுக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் சலவாத்தும் சலாமும் உண்டாகட்டும்.



"நான் எதற்காக வாழ்கிறேன்?" என்ற கேள்வி நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கட்டங்களில் எழுகிறது. தேசிய சேவையை முடித்துவிட்டு, எதைப் படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் மகன் கேட்கிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பெண்மக்களையும் கட்டிக்கொடுத்துவிட்டு, வீவக வீட்டில் பகலெல்லாம் தனியே இருக்கும் அத்தா கேட்கிறார். இருவருக்கும் நாம் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அல்லாஹ் வழிகாட்டுவான்."

அது முற்றிலும் உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்துவிடலாமா?

ஐவேளை பர்ளுத் தொழுகையில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள். சூரத்துல் ஃபாத்திஹாவில் நாம் கேட்பது பணமோ பதவியோ அல்ல, நேர்வழி. குர்ஆனின் வரிசையைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். ஃபாத்திஹாவில் நேர்வழியைக் கேட்கிறோம். அடுத்த சூராவான பகராவின் தொடக்கத்திலேயே அதற்கு விடை வந்துவிடுகிறது. இந்த வேதமே இறையச்சமுடையோருக்கு நேர்வழி என்று சொல்லி, அவர்கள் யார் என்பதையும் அல்லாஹ் விளக்குகிறான். மறைவானவற்றை நம்புவார்கள், தொழுகையை நிலைநிறுத்துவார்கள், தாம் பெற்றதிலிருந்து பிறருக்குக் கொடுப்பார்கள். நம்பிக்கையோடு செயலும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. ஆகவே, வழி காட்டப்பட்டுவிட்டது. நடப்பது நம் பொறுப்பு.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் இருந்தபோது, மரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து உலுக்கும்படி கட்டளை வந்தது. வலியில் துவண்டிருக்கும் ஒரு பெண்ணால் பேரீச்ச மரத்தை எவ்வளவு அசைத்துவிட முடியும்? பழத்தை உதிர வைத்தவன் அல்லாஹ்தான். ஆனாலும் கையை வைக்கச் சொன்னான். அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். ஸம்ஸம் ஊறியது அவர்கள் ஓடிய இடத்தில் அல்ல, குழந்தை கிடந்த இடத்தில். என்றாலும் அந்த ஓட்டம் வீணாகவில்லை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஒவ்வொருவரும் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

இஸ்திகாரா தொழுகையையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு ரக்அத் தொழுது, நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆவை ஓதுகிறோம். கனவில் பதில் வரும் என்று காத்திருக்கும்படி அந்த துஆவில் எங்கும் இல்லை. நல்லதென்றால் எளிதாக்கு, தீயதென்றால் விலக்கிவிடு என்றுதான் கேட்கிறோம். விவரம் அறிந்தவர்களிடம் மஷூரா செய்துவிட்டு அடியெடுத்து வைத்தால்தானே எது எளிதாகிறது, எது விலகுகிறது என்று தெரியும்?

நம் முன்னோர் அப்படித்தான் நடந்தார்கள். ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, 1946-ல், தஞ்சோங் பகார் வட்டாரத்துக் கடையநல்லூர் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காக உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். வசதி வந்த பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. 1975-ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது, வேலை செய்த முஸ்லிம்கள் மாதம் 50 காசு கொடுத்தார்கள். 1977-ல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. 50 காசு கொடுத்தவர் தம்மைக் கொடைவள்ளல் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அங்கு தொழப்படும் ஒவ்வொரு வக்திலும் அவருக்குப் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

வாழ்வின் நோக்கம் பெரும்பாலும் இப்படிச் சிறிய உருவில்தான் நம்மிடம் வருகிறது. தமிழ் பயான் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று வருந்துகிறோம். நமக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழும் தெரியும். வாரம் ஒரு மணி நேரம் பேரப்பிள்ளையோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் உட்கார்ந்தால், ஓய்வு பெற்ற அத்தாவின் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். இளைஞர்கள் இந்தச் சங்கத்தின் துணைப்பாட வகுப்புக்கு ஒரு பருவம் வந்து கற்பிக்கட்டும். தமக்கு எது வருகிறது, எதில் மனம் நிறைகிறது என்பதை அந்தப் பணியே காட்டும்.

மறுமை நாள் வந்துவிட்டாலும், கையில் ஒரு மரக்கன்று இருந்தால் அதை நட்டுவிடும்படி நம் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிழலை யார் அனுபவிப்பார் என்ற கேள்வி அங்கே இல்லை. சங்கத்தின் அடுத்த 50 ஆண்டுகளில் நம்மில் பலர் இருக்கமாட்டோம். ஆனால் கன்று இன்று நம் கையில் இருக்கிறது.

இன்றைய இஷாவில் நேர்வழியைக் கேட்போம். நாளை சுப்ஹுக்குப் பின் அதில் ஓர் அடி வைப்போம். கேட்கும் நாவையும் நடக்கும் காலையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.